வெளிவாசல் சிவசக்தி

பண்டாரவளையில் ஸரூக் முதலாளியின் துணிக்கடைக்கு இரண்டு வாசல்கள். பெரிய தெருப் பக்கம் இருப்பது உள்ளே போகிற வாசல். அங்கே காமில் நானா நின்று, வருகிறவர்களின் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு நம்பர் போட்ட தகடு ஒன்றைக் கையில் கொடுப்பார். பஸ் நிலையப் பக்கம் இருப்பது வெளியே போகிற வாசல். அது ஆறு வருஷமாகச் சிவசக்தியின் பொறுப்பில் இருந்தது. உள்வாசலில் சிரிப்பு, வெளிவாசலில் சந்தேகம். கடை வைத்திருப்பவர்களின் உலகம் அவ்வளவுதான்.

சிவசக்திக்கு நாற்பத்தெட்டு வயது. பூனாகலைக்குப் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவாள். சேலைக்கு மேலே கடையில் கொடுத்த கருநீலச் சட்டையை மாட்டிக்கொண்டால் அவள் நடையே வேறாகிவிடும். தோட்டத்துப் பெண்கள் அவள் முகத்துக்கு நேரே சத்தியக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் பொலிஸ்காரி என்பார்கள். இரண்டும் அவள் காதில் விழும். இரண்டாவதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முன்பு அந்த வாசலில் ஓர் ஆண் நின்றிருந்தான். பொம்பளைகளைத் தொட்டுப் பார்க்க அவனால் முடியாது, சேலைகள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. பாம்பின் கால் பாம்பறியும் என்று யாரோ சொல்லிக் கொடுக்க, தோட்டத்துப் பெண் ஒருத்தியையே கொண்டுவந்து நிறுத்தினார் ஸரூக் முதலாளி. இதைப் பெரிய மூளை என்று சொல்லிவிட முடியாது. வெள்ளைக்காரத் துரைமார் கங்காணிகளை வைத்துச் செய்த பழைய காரியம்தான். ஆனால் ஆள் சரியான ஆள். சேலைக்குள் சேலை கட்டுகிறவள், பிள்ளையின் கம்பளிக்குள் சட்டையைச் சுருட்டுகிறவள், குடைக்குள் துணியைப் போட்டு மழையில்லாத நாளிலும் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறவள், எல்லாரையும் சிவசக்தி பிடித்தாள்.

அந்தக் கலையை அவள் படித்த இடம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பத்தொன்பது வருஷம் அங்கே தூள் சலித்தவள். மாலையில் வேலை முடிந்ததும் பெண்கள் வரிசையாக நின்று, உடுப்பை உதறிக் காட்டிவிட்டுத்தான் கேட்டைத் தாண்டலாம். ஒரு பிடி தூள்கூட வெளியே போகக் கூடாது. மலை முழுக்கத் தேயிலை, அதைப் பறித்துச் சலிக்கிறவள் வீட்டில் மட்டும் நல்ல தேயிலை இருக்கக் கூடாது. பத்தொன்பது வயதில் ஒருநாள் சிவசக்தி கொண்டைக்குள் ஒரு பொட்டலத்தை வைத்து முடிந்துகொண்டு வரிசையில் நின்றாள். பொட்டலம் பிரிந்து தூள் பிடரியில் வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை. கேட்டில் நின்ற வாச்சருக்குத் தெரிந்தது. அவர் பிடரியைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், "போ புள்ள" என்றார்.

அந்த வாச்சர் இராமையாவைத்தான் அவள் அடுத்த வருஷம் கட்டிக்கொண்டாள். ஏன் விட்டீர்கள் என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டதற்கு, "ஒன் மூஞ்சி பசியில இருந்துச்சு. கொண்டையப் பாத்து நான் என்னா பண்றது?" என்றாராம். இதை அவள் கடைப் பெண்களிடம் சிரித்துச் சிரித்துச் சொல்வாள். கூடவே, காவல்காரன் அப்படி இருந்தால் கடை உருப்படுமா என்றும் கேட்பாள். அவளுடைய சட்டம் வேறு. முகத்தைப் பார்க்கவே கூடாது, பார்த்தால் இரக்கம் வரும். கையைப் பார்க்க வேண்டும், மடியைப் பார்க்க வேண்டும், நடையைப் பார்க்க வேண்டும். இராமையா வேலையை விட்டு வீட்டோடு இருந்த காலத்தில், சாயங்காலம் இஞ்சிப் பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டு அன்றைக்குப் பிடித்தவர்களைப் பற்றி வரிசையாகச் சொல்வாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ஒனக்கு ஆளத் தெரியாது, துணியத்தான் தெரியும்" என்பார். அவள் கோபித்துக்கொண்டு டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள்.

மகளைக் கொழும்பில் கட்டிக் கொடுத்தாயிற்று. சிவசக்தியின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதனால் ஆவணி மாதம் நடந்தது அவளை உள்ளே வரைக்கும் அறுத்துவிட்டது.

அந்த மாதம் மாடியிலிருந்து பட்டுச் சேலைகள் எட்டுக் காணாமல் போயின. யார் எடுத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. கமராவில் பார்த்தபோது, கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்த ஒரு ஜோடி மாடியில் நெடுநேரம் நின்றது மட்டும் தெரிந்தது. அவர்கள் போனபோது யாரும் சோதிக்கவில்லை. சோதிக்கச் சொல்லி யாரும் சொல்லி வைக்கவுமில்லை. காரில் வருகிறவனைத் தொட்டுப் பார்க்க இந்த ஊரில் எந்த வாசலுக்கும் தைரியம் கிடையாது. ஆனால் பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஸரூக் முதலாளி கெட்ட மனிதர் அல்லர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். அவர் சிவசக்தியைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"பூனாகலைப் பக்கத்து ஆக்கள் வந்தா நீங்க சும்மா விடுறீங்கன்னு கத வருது. நான் நம்பல்ல. ஆனா இன்னொரு தடவ இப்படி நடந்திச்சின்னா வாசலுக்கு வேற ஆளப் பாக்க வேண்டி வரும், புள்ள."

அவர் மெதுவாகச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இனிமேல் பெத்த தாயே எழுந்து வந்தாலும் பார்க்காமல் விடமாட்டேன் என்று கடைப் பெண்கள் எல்லார் முன்னாலும் சொன்னாள். சொன்னபடியே செய்தாள். மூன்றாம் லயத்துப் பெண்கள் இரண்டு பேரின் பைகளைக் கொட்டிப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. அதன் பிறகு அவர்கள் அவளோடு ஒரே பஸ்ஸில் வந்தாலும் பேசவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, முதலாளி வாயையாவது மூடுவோம் என்று இருந்துவிட்டாள்.

முதலாளியும் சும்மா இருக்கவில்லை. வெளிவாசலின் இரண்டு பக்கமும் ஆளுயர வெள்ளைத் தூண்களைக் கொண்டுவந்து நட்டார். துணிகளுக்கெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பூட்டுக் குத்தப்பட்டது. காசு கட்டும் மேசையில் இருக்கிற யந்திரத்தில் வைத்தால்தான் அது கழலும். கழற்றாத துணி தூண்களுக்கிடையே போனால் தூண் கத்தும். இன்னொரு புதுச் சட்டமும் வந்தது. வேலைக்காரர்கள் காலையில் வந்ததும் கைத்தொலைபேசியைத் தகரப் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவருக்குத் தகவல் சொல்லித்தான் திருட்டு நடக்கிறது என்று யாரோ முதலாளிக்கு ஓதியிருந்தார்கள். பெட்டியின் சாவி காமில் நானாவிடம். சிவசக்தி தன் போனை எல்லாருக்கும் முன்னால் போட்டாள்.

தீபாவளிக்கு ஒரு கிழமை இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்தே கடையில் கால் வைக்க இடமில்லை. அப்புத்தளை, பெரகல பக்கமிருந்தெல்லாம் சனம் வந்து இறங்கியிருந்தது. பதினொரு மணி வாக்கில் பெண்கள் கூட்டம் ஒன்று மாடியிலிருந்து இறங்கி வெளிவாசலுக்கு வந்தது. முதல் இரண்டு பேர் பில்லைக் காட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாவது ஆள் தூண்களுக்கிடையே வந்ததும் தூண் கத்தியது.

பாக்கியலெட்சுமி. சிவசக்தியின் அண்ணன் புவனேந்திரனின் மனைவி. அதே தோட்டத்தில் மேல் லயத்தில் இருப்பவள். தாயில்லாத சிவசக்திக்குக் கல்யாணத்தன்று தலை வாரிப் பூ வைத்தவள் அவள்தான்.

கையில் பை இல்லை, பில் இல்லை. பழைய பச்சைச் சுவட்டரின் பொத்தான்களைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு, இடது கையால் வயிற்றை அணைத்தபடி நின்றாள். சிவசக்தியின் கண் அந்தக் கையில் போய் நின்றது. சொந்தக்காரி என்பதால் விட்டுவிடுவேன் என்று நினைத்து வந்துவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. சுற்றிலும் தோட்டத்துச் சனம் நிற்கிறது. மூன்றாம் லயத்துப் பெண்களும் நிற்கிறார்கள். மேலே கமரா பார்த்துக்கொண்டிருக்கிறது.

"அண்ணி, சுவட்டரக் கழட்டுங்க."

"சத்தி, விடு. வெளிய வா, சொல்றேன்."

"வெளிய வந்து என்னாத்தச் சொல்றது? உள்ளுக்கு என்னா இருக்கு, எடுங்க."

பாக்கியலெட்சுமி பின்வாங்கினாள். கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "நீ தொடாத, சத்தி. நீ தொடக் கூடாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். திருடுகிற எல்லாரும் தொடாதே என்றுதான் சொல்வார்கள். சிவசக்தி ஆறு வருஷம் பழகிய கையைச் சுவட்டருக்குள் விட்டாள். ஒரு பொத்தான் தெறித்து விழுந்தது. மடித்த துணி ஒன்று கையோடு வந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று அதைத் தூக்கிப் பிடித்தாள்.

வெள்ளைச் சேலை. ஓரத்தில் விரல் அகலம்கூட இல்லாத ஒரு நீலக் கரை. தீபாவளிக்கு யாரும் வெள்ளைச் சேலை எடுப்பதில்லை.

அவள் அதை யோசிப்பதற்குள் ஸரூக் முதலாளி மாடிப்படியில் விழுந்தடித்து இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் அண்ணன் புவனேந்திரன் வந்தான். அவன் தலையில் துண்டு கிடந்தது.

"விடுங்க புள்ள. அது நான் குடுத்தது" என்றார் முதலாளி.

சிவசக்தி முதலாளியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், கையிலிருந்த சேலையைப் பார்த்தாள். பிறகு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இராமையா காலையில் விறகுக்குப் போன இடத்தில் குளவிக் கூடு கலைந்திருக்கிறது. லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. புவனேந்திரன் சிவசக்தியின் போனுக்கு எத்தனையோ தடவை எடுத்தான். அது தகரப் பெட்டிக்குள் கிடந்து அடித்து ஓய்ந்தது. பிறகுதான் மனைவியையும் கூட்டிக்கொண்டு நேரே வந்து, மாடியில் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னான். கூட்டத்துக்கு நடுவே வாசலில் வைத்துச் சொல்ல வேண்டாம், வேறு ஆளை நிறுத்திவிட்டு அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லலாம், என் வேனிலேயே வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார் முதலாளி. பிறந்த வீட்டுக் கோடி எடுக்க வேண்டும் என்று பாக்கியலெட்சுமி தயங்கித் தயங்கிச் சொன்னதும், தானே எழுந்து போய் அலுமாரியிலிருந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்துக் கொடுத்தார். இதற்கெல்லாம் பில் போடுவதா என்று மேசைப் பக்கமே அனுப்பவில்லை. அவர் தன் கையால் துணி எடுத்துக் கொடுத்துப் பல வருஷமாயிற்று. பூட்டின் ஞாபகம் அவருக்கு வரவில்லை.

தாலி அறுக்கிறவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போடுகிற கோடியை, போடுகிற நேரம் வரைக்கும் அவள் கண்ணில் காட்டக் கூடாது, அவள் கை அதில் படக் கூடாது. அதனால்தான் பாக்கியலெட்சுமி அதைச் சுவட்டருக்குள் வைத்துக்கொண்டாள். உள்வாசல் வழியாகவே போய்விடலாம் என்று இறங்கியவளை, சனம் நெருக்குது, வெளிவாசலால் போங்கள் என்று காமில் நானா திருப்பி அனுப்பினார். அவருக்கு என்ன தெரியும்? எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்த நாள் அது.

மறுநாள் சவப்பெட்டி எடுக்கும் முன் பாக்கியலெட்சுமி அந்தக் கோடியைச் சிவசக்தியின் தோளில் போட்டாள். பூட்டு அதிலேயே இருந்தது. முதல் நாள் அந்த அமளியில் யாரும் அதைக் கழற்றவில்லை. கவ்வாத்துக் கத்தியால் நெம்பிப் பார்க்கலாம் என்று ஒருவன் சொன்னதற்கு, கோடியில் கத்தி வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். சிவசக்தி அந்தப் பிளாஸ்டிக் பூட்டோடு பெட்டியைச் சுற்றி வந்தாள். நடக்கும்போது அது கழுத்து எலும்பில் தட்டிக்கொண்டே இருந்தது. கொழும்பிலிருந்து வந்த மகள் மண்ணில் புரண்டு அழுதாள். சிவசக்திக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. பொலிஸ்காரிக்கு அழுகையும் வராது போலிருக்கிறது என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

கருமாதி முடிவதற்குள் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. கடை வாசலில் நின்றவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள், பார்க்காததையும் சேர்த்துச் சொன்னார்கள். பாக்கியலெட்சுமி தூக்கிக்கொண்டு வந்தாள், நாத்தனாரே பிடித்தாள், செத்த வீடு என்பதால் முதலாளி மன்னித்து அனுப்பினார், இல்லையென்றால் பூட்டு ஏன் இன்னும் இருக்கிறது? மூன்றாம் லயத்தில் அதற்குத் திருட்டுக் கோடி என்று பேரே வைத்துவிட்டார்கள். பாக்கியலெட்சுமி கொழுந்து நிறுக்கும் இடத்தில் தனியாக நிற்கத் தொடங்கினாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் புவனேந்திரன் மட்டும் வந்தான்.

மறுநாளே சிவசக்தி சேலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு பண்டாரவளைக்குப் போனாள். தாலி அறுத்தவள் இவ்வளவு சீக்கிரம் படி இறங்கலாமா என்று கேட்டவர்களைத் தாண்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பூட்டைக் கழற்ற வேண்டும், அந்தச் சேலை தான் கொடுத்தது என்று முதலாளி கையால் ஒரு சீட்டு எழுதி வாங்க வேண்டும். அண்ணியின் பேர் மீள வேண்டும், வேறொன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

பழக்க தோஷத்தில் வெளிவாசலாலேயே ஏறினாள். தூண் கத்தியது. அவள் இருந்த இடத்தில் சுபாஜினி என்று ஒரு பெண் அதே கருநீலச் சட்டையில் நின்றாள், வயது முப்பது இருக்கும். கடையே திரும்பிப் பார்த்தது. சிவசக்தி பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகள் இரண்டையும் அகட்டிக்கொண்டு நின்றாள். எத்தனை பேரை அப்படி நிற்க வைத்திருப்பாள்! சுபாஜினி பையைத் தொடவில்லை. அவளுடைய வெறும் நெற்றியையும் முகத்தையும் ஒரு கணம் பார்த்தாள்.

"போங்கக்கா" என்று சொல்லிவிட்டு பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போ புள்ள என்று இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட குரல் சிவசக்தியின் காதில் வந்து விழுந்தது. அந்த இடத்திலேயே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். புருஷன் செத்துப் பதினேழாம் நாள், பட்டப்பகலில், துணிக்கடை வாசலில் அவள் கதறி அழுதாள். காமில் நானா ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார்.

ஸரூக் முதலாளி தன் கையாலேயே பூட்டைக் கழற்றினார். கேட்டபடி கடைக் கடிதத்தாளில் எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். வாசல் வேலை உங்களுக்குத்தான், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். வாசல் வேண்டாம், மாடியில் துணி மடிக்கிற வேலை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தாள்.

சாயங்காலம் நேரே மேல் லயத்துக்குப் போனாள். பாக்கியலெட்சுமி காம்பராவின் கதவடியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தப் பச்சைச் சுவட்டரைத்தான் போட்டிருந்தாள். தெறித்த பொத்தானுக்குப் பதிலாக ஓர் ஊசி குத்தியிருந்தது. சிவசக்தி சீட்டை நீட்டி, இதை எல்லாருக்கும் காட்டலாம், தோட்டத் தலைவரைக் கொண்டு கோயிலில் வைத்து வாசிக்கச் சொல்லலாம், இனி ஒருத்தி வாய் திறக்கமாட்டாள் என்றெல்லாம் சொன்னாள். அண்ணி சீட்டை வாங்கவில்லை.

"ஊரு என்னா வேணும்னாலும் பேசட்டும், சத்தி. ஊருக்கு என்னையத் தெரியாது" என்றாள். கீரையை ஆய்வது நிற்கவில்லை. "அன்னைக்கு லொறியில அவரு தல என் மடியிலதான் கெடந்துச்சு. காலையில இருந்து அழுது அழுது என் மூஞ்சி வீங்கிப் போய் இருந்துச்சு. அந்த மூஞ்சியோடதான் ஒன் முன்னுக்கு வந்து நின்னேன். ஒரு தடவ, ஒரே தடவ, நீ என் மூஞ்சியப் பாத்திருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்."

சிவசக்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் சீட்டு இருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். பார்க்க முடியவில்லை, சுவட்டரில் குத்தியிருந்த ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கீரையை ஆய்ந்து முடித்ததும் பாக்கியலெட்சுமி சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.